வலது பக்க அளவு

அரைமில்லி அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய நல்ல குணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கெட்டதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ஒரு பந்தய வண்டியில் ஓர் உயிர் போனது. அதில் அவருக்குப் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. விசாரணையில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் மழுப்பியிருப்பேன், அவர் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு ஃபவுண்டரியில். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் இடம். நான் மண்ணை இடித்து அச்சு எடுப்பவன். மண்ணில் பதிப்பதற்கு முதலில் மரத்தில் ஓர் உருவம் வேண்டும் அல்லவா, பம்பு உடலோ பல்சக்கரமோ, அதைச் செய்பவர் அண்ணன். பேட்டர்ன் தச்சர் என்று அதற்குப் பெயர். நான் வேலை முடிந்து வெளியே வந்தால் கரிச்சட்டி மாதிரி இருப்பேன். அவர் காதோரம் கொஞ்சம் மரத்தூளோடு, மாப்பிள்ளை மாதிரி வருவார். அந்தப் பொறாமை எனக்குப் பதினெட்டு வருஷம் இருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் மர உருவத்தை நூற்றுக்கு ஒன்று பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால் அதற்கென்றே ஒரு ஸ்கேல் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண எஃகு ஸ்கேல்தான், ஆனால் கோடுகள் நூற்றுக்கு ஒன்று தள்ளித்தள்ளி அடித்திருக்கும். சுருக்க ஸ்கேல் என்போம். அதை வைத்து ஒரு நிஜப் பொருளை அளந்தால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அண்ணன் சாதா ஸ்கேலையும் சுருக்க ஸ்கேலையும் ஒரே துணிப்பையில் வைத்திருப்பார். இரண்டும் ஒரு மீட்டர். ஓரத்தில் ஒரு சின்னப் பொறிப்பைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் ஃபவுண்டரியில் ஒரு வார்ப்பு பிசகினால் தப்பு எப்போதும் பக்கத்து மேஜைக்காரனுடையதுதான். நான் உலைக்காரனைச் சொல்வேன், உலைக்காரன் கரியைச் சொல்வான், கரி வாய் திறந்து பேசாது என்பதால் விஷயம் அங்கே முடியும். அரை மில்லி பிசகினாலும் விடமாட்டார் என்பதால் அரைமில்லி என்று பெயர் வாங்கிய அண்ணன் மட்டும் வேறு ஜாதி. வரைபடத்தில் ஓர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டால் அதை அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கீழே ‘என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். யாரும் கேட்காமலே. நான் பார்க்க அப்படிப் பதினோரு கையெழுத்து.

"ரெண்டு அளவு ஒத்துப்போகலன்னா மொதல்ல சாமானைச் சந்தேகப்படக் கூடாது. கையைச் சந்தேகப்படணும்" என்பார். இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமை இருக்கும். பணிவிலும் பெருமைப்படுகிற ஆட்கள் உண்டு.

அவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணியின் தம்பிதான் பிள்ளை. அம்மா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. கல்யாணமாகி வந்த அண்ணி அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வந்தார். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன் என்பதால் வீட்டில் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். பிறந்ததில் ஆரம்பித்த அவசரம் கடைசிவரை அடங்கவில்லை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், பிறகு பந்தய வண்டி. வண்டி ஒரு மெக்கானிக் முதலாளிக்குச் சொந்தம். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவது இவன் வேலை. முப்பது வயதில் இரண்டு முறை கை உடைந்து, ஒரு முறை விலா உடைந்து, "இன்னும் எத்தனை எலும்புடா பாக்கி?" என்று அண்ணன் கேட்டால், "எண்ணிட்டுத்தான் இருக்கேன் மாமா, நெறைய இருக்கு" என்பான்.

அந்த வருஷம் பயிற்சி ஓட்டத்தில் வண்டியைச் சுவரில் இடித்துவிட்டான். இவனுக்குக் கீறல் இல்லை, வண்டிதான் நசுங்கியது. முதலாளி இரண்டு மாதத்தில் தட்டி நிமிர்த்தி ஒக்கிட்டுப் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டார். ஆனால் இவன் மறுபடி அதில் ஏறியதும் அண்ணி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தம்பி இறங்கி வந்தான். இன்னும் ஒரே ஒரு பந்தயம், அதோடு விட்டுவிடுகிறேன் என்று அக்கா கையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு மாமாவிடம் வந்து ஒன்று கேட்டான்.

"மாமா, அந்த வண்டிய எனக்கு மரத்துல செஞ்சு குடுங்க. பத்துல ஒரு பங்கு. ஒட்டு இல்லாம, ஒரே கட்டையில. ஓட்டறத விட்டப்புறம் பாத்துக்கிட்டாவது இருப்பேன்."

அண்ணனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பரணில் ஆறு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு கட்டையை, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததை, இறக்கினார். அதில் ஒரு கணுகூட இல்லை. அண்ணிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"ஓடிட்டிருக்கிற வண்டிக்கு எதுக்குங்க இப்பவே பொம்மை? ஓஞ்சப்புறம் செய்யக் கூடாதா?"

"அதுக்குள்ள முதலாளி வித்துட்டா நான் எதை அளக்கறது?" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பையோடு மெக்கானிக் பட்டறைக்குப் போனார். சக்கரங்களின் நடுமையத்திலிருந்து தூக்குநூல் விட்டு, தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளந்தார். அவசரம் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அவர் எழுதிக்கொண்டே வந்தார். வண்டி முழுக்க அறுபது அளவு. மறுநாள் வீட்டு மேஜையில் கட்டையை வைத்து நடுக்கோடு போட்டு, அளவுகளை ஏற்ற ஆரம்பித்தபோதுதான் பார்த்தார். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையில் இடது பக்கம் 2400 மில்லி. வலது பக்கம் 2376.

வேறு யாராவது என்றால் வண்டி கோணல் என்று நினைத்திருப்பான். அண்ணன் இருபத்துநான்கைப் பார்த்தார். 2400-இல் நூற்றுக்கு ஒன்று இருபத்துநான்கு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். வலது பக்கம் போனபோது பேச்சு மும்முரத்தில் பையிலிருந்து சுருக்க ஸ்கேலை எடுத்துவிட்டிருக்கிறார், வேறென்ன? கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. வலது பக்க அளவை அடித்து, 2400 என்று எழுதி, ‘என் தவறு, சுருக்க ஸ்கேல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது கையெழுத்து.

மூன்று வாரம் அந்தக் கட்டையோடு கிடந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போய் உட்கார்ந்திருப்பேன். பக்கவாட்டு உருவத்தை ஒரு முகத்திலும், மேலிருந்து பார்க்கும் உருவத்தை இன்னொரு முகத்திலும் வரைந்தார். பக்கவாட்டை அறுத்தார். அறுத்து விழுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் திரும்ப அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டினார். அப்போதுதான் மேல் வரைபடம் கலையாமல் அடுத்த அறுப்பு நேராக இறங்கும். பிறகு உளி. உளியின் தலையில் அடிக்கும் கொட்டாப்புளியின் சத்தம் மெதுவாக, ஒரே சீராக வரும். அட்டையில் வெட்டிய வளைவுகளை வைத்து வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரியும் இடத்தில் ஒரு சீவல் எடுப்பார். வண்டியின் சக்கரங்கள் பாதி உடலுக்குள் மறைந்திருக்கும் வகை. அந்த நான்கையும்கூடக் கட்டையிலிருந்தே குடைந்து எடுத்தார்.

ஒரு நாள் மேலிருந்து தான் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். போட்டோவில் வலது முன்சக்கரம் அதன் வளைவுக்குள் கொஞ்சம் பின்னால் ஒட்டியிருந்தது. மரத்தில் நடுவே இருந்தது. எனக்கே தெரிந்தது.

"போட்டோ ஒரு மாதிரியா இருக்கேண்ணே."

"நான்தான் ஏணி மேல நின்னு சாய்ச்சு எடுத்திருக்கேன். கையில பழக்கமில்ல பாரு" என்று போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் அண்ணி கேட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க நானும் இருந்தேன். பொம்மைக்குக் கடைசி மெருகு ஏறிக்கொண்டிருந்தது.

"நான் இதுவரைக்கும் அவன் ஓட்டிப் பாத்ததே இல்ல. நாளைக்கு வரேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. இடிச்ச வண்டி அது. நீங்க அளந்தீங்க. சரியா இருக்கா?"

அண்ணன் பொம்மையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "என் கையால அளந்திருக்கேன். ரெண்டு பக்கமும் ஒண்ணு."

அண்ணி முதல் முறையாகச் சிரித்தார். எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் சாப்பாடு இறங்காது.

மறுநாள் காலை என் வேனில் மூவரும் போனோம். அண்ணி பின்னால், மடியில் பொம்மைப் பெட்டி. அண்ணன் முன்னால், என் பக்கத்தில். நல்ல வெயில், நல்ல சாலை, அவர் நல்ல மனநிலையில் இருந்தார். அந்த நிலையில் மனிதர் தன் தவறுகளைத்தான் கதையாகச் சொல்வார்.

"ஒரு கூத்து கேளு. அன்னிக்கு வண்டிய அளக்கும்போது வலது பக்கத்தை மட்டும் சுருக்க ஸ்கேல்ல எடுத்துட்டேன். எத்தனை வருஷ சர்வீஸ்!"

"ஆனைக்கும் அடி சறுக்கும்ணே" என்றேன். பிறகுதான் கேட்டேன். "என்னிக்கு அளந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை. சம்பள நாளுக்கு மறுநாள்."

ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுருக்க ஸ்கேல் அந்த வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து என் பெட்டியில் இருந்தது. ஒரு வார்ப்பைச் சரிபார்க்க அவர் பையிலிருந்து எடுத்தேன். தன் சாமானை யாராவது தொட்டால் அவருக்குப் பிடிக்காது. அதனால் திங்கட்கிழமை காலையில் அவர் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனபோது, பூனை மாதிரி, பையிலேயே திரும்பச் சொருகிவிட்டேன். சின்னத் திருட்டு. மறந்தே போயிருந்தேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, பின்னால் இருப்பவருக்குக் கேட்காத மாதிரி.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "அப்போ என் கை சரியாத்தான் அளந்திருக்கு" என்றார். தான் செய்தது சரி என்று தெரிந்த மனிதனின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "வேகமா ஓட்டு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொடங்க இருபது நிமிஷம். வண்டிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அண்ணியைப் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, கம்பி வேலிக்குள் நுழைந்து ஓடினோம். அவசரம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து பெல்ட் மாட்டியிருந்தான். அண்ணன் குனிந்து அவன் காதில் சொன்னார். வலது பக்கம் இருபத்துநான்கு மில்லி குறைவு, வண்டியின் சட்டமே வளைந்திருக்கிறது, இறங்கிவிடு.

அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எங்களைக் கலக்கியது.

"தெரியும் மாமா. முதலாளிக்கும் தெரியும். வேகத்துல பிரேக் அடிச்சா வலது பக்கம் இழுக்கும். நான் முன்னாடியே இடது பக்கம் புடிச்சுக்குவேன். சரி பண்ணதிலேர்ந்து அப்படியே ஓட்டிப் பழகிடுச்சு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அண்ணன் நிமிர்ந்தார். திரும்பி நடந்தார், நேராகப் படிக்கட்டுக்கு. பெண்டாட்டியிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நேற்றுச் சொன்னது தப்பு என்று சொல்லியிருப்பார். அண்ணி எழுந்து, பெட்டியை இடத்திலேயே வைத்துவிட்டு, வேலியைத் தாண்டி வந்தார். ஓடவில்லை.

"எறங்கு."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எறங்கு. இல்லன்னா நான் இந்தச் சக்கரத்துக்கு முன்னாடி படுத்துக்கறேன். நான் படுப்பேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும்தான். பெல்ட்டைக் கழற்றினான். முதலாளி ஓடிவந்து என்ன என்று கேட்டார். அவசரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலி, தாங்கல" என்றான். உண்மையைச் சொன்னால் முதலாளியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். நாளைக்கு வேறு யாரும் அவனைப் பட்டறைப் பக்கம்கூட விட மாட்டார்கள். விட்டுவிடப்போகிற தொழிலில் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறதோ. முதலாளி ஒரு நொடி அவனைப் பார்த்தார், பிறகு கையைத் தட்டினார். மாற்று ஓட்டுநர் ஒருவன் எப்போதும் தயாராக நிற்பான். இருபத்தாறு இருபத்தேழு வயது, பகலில் பார்சல் வேன் ஓட்டுபவன் என்று பிறகு தெரிந்தது. யாரிடமோ ஃபோனில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரே தாவலில் உள்ளே இறங்கினான். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அண்ணி தம்பியின் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். அவன் கோபத்தில் கையை உதறிவிட்டு எங்கேயோ போய்விட்டான். அண்ணன் மட்டும் நகரவில்லை. "அந்தப் பையன் கிட்ட யாருடா சொல்றது?" என்று என்னைக் கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் சோதனை அதிகாரியின் மேஜைக்குப் போனார். நான் அண்ணியோடு படிக்கட்டுக்கு வந்தேன். அண்ணியைத் தனியே விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேஜையில் நடந்ததை அண்ணன் பிற்பாடு ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். வண்டி வளைந்திருக்கிறது, நிறுத்துங்கள் என்றார். நேற்றே சோதித்து முத்திரை வைத்தாகிவிட்டது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் அதிகாரி. அளந்தேன் என்று, பொம்மையோடு சேர்த்து மைத்துனனுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த அளவுக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பெரியவரே, 2376-ஐ அடிச்சு 2400-னு எழுதியிருக்கு. ‘என் தவறு’னு கீழ எழுதியிருக்கு. இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். ஆனா அந்தத் தவறுதான் தவறு."

அதிகாரி நல்ல மனிதர், சிரிக்கவில்லையாம். "போய் நிழல்ல உக்காருங்க" என்றாராம். டேப் கொடுங்கள், இரண்டே நிமிஷம், இப்போதே அளந்து காட்டுகிறேன் என்று அண்ணன் கெஞ்சியபோது எஞ்சின்கள் கிளம்பிவிட்டன. அதன் பிறகு யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

படிக்கட்டில் அண்ணிக்கு அடுத்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தையல் வேலையிலிருந்து அப்படியே வந்தவர் மாதிரி இருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். அண்ணி வியர்த்து நடுங்குவதைப் பார்த்து நீட்டினார்.

"குடிங்கம்மா. எனக்கும் மொதல் தடவை இப்படித்தான் இருந்துச்சு. என் பையன் ரெண்டு வருஷமா இங்க ஓரமாத்தான் நிப்பான். இன்னிக்குத் திடீர்னு ஓட்டக் கெடச்சிருக்கு. இப்பத்தான் ஃபோன்ல சொன்னான். யாருக்கோ வயித்து வலியாம், எறங்கிட்டாங்களாம். பாவம், அவங்க நல்லா இருக்கணும்."

அண்ணி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். வண்டிகள் ஒத்திகைச் சுற்றுக்குத்தான் போயிருந்தன, இன்னும் கொடி விழவில்லை. அண்ணி எழுந்திருக்கப் பார்த்தார். நான் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்கார வைத்தேன்.

"உக்காருங்க அண்ணி. அண்ணன் போயிருக்காரு, பாத்துக்குவாரு. நம்ம ஆள் எறங்கியாச்சு, அது போதும்."

அண்ணி உட்கார்ந்தார். கொடி விழுந்தது.

முதல் சுற்றில் அந்த வண்டி எங்கள் எதிர் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனது. இரண்டாவது சுற்றில் ஜாக்கிரதையாகப் போனது. ‘பிடித்துவிட்டான், பழகிக்கொள்வான்’ என்று நான் மனசுக்குள் யாரையோ கும்பிட்டேன். நான்காவது சுற்றில் முன்னால் இருந்த வண்டியைத் தாண்டினான். அந்த அம்மாவுக்கு அவ்வளவு தூரம் பார்வை எட்டவில்லை. கூட்டம் கத்தியதால் அவரும் கை தட்டினார். வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டியது. வலது பக்கம் போனது, தயக்கமே இல்லாமல், நேராகச் சுவருக்கு. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் எங்களிடம் வந்தது. அதற்குள் தீ தெரிந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். அந்த அம்மா எழுந்து, கூட்டத்தின் முதுகுகளுக்கு இடையில் எட்டிப் பார்த்து, "எந்த வண்டி? நம்பர் தெரியுதா?" என்றார். யாரும் சொல்லவில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார், தோள் குலுங்க, சத்தமில்லாமல்.

அந்த அம்மா அண்ணியைப் பார்த்தார். முகம் மாறியது. சட்டென்று கீழே உட்கார்ந்து, அண்ணியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆளாம்மா? அழாதீங்க. ஒண்ணும் ஆகாது. உடனே வெளிய எடுத்துடுவாங்க, என் பையன் சொல்லியிருக்கான். தைரியமா இருங்க, நான் இருக்கேன்."

அண்ணி தலையை ஆட்டினார், இல்லை என்று. அந்த அம்மா அதையும் பயம் என்றே எடுத்துக்கொண்டு, அண்ணியின் தலையைத் தன் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தார். சொல்ல வேண்டியவன் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லும்வரை அவர் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.